ரிவால்வருக்கு ஏற்ற தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்: தற்காப்புக்கும் வேட்டைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ரிவால்வர் வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, அதற்கான தோட்டாவைக் கடையின் முன்வரிசையில் இருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ரிவால்வர், உள்ளே இடும் தோட்டாவைப் பொறுத்து, புதிதாகப் பழகுபவரின் கைக்கு இதமான பயிற்சிக் கருவியாகவும் இருக்கும், மானை வீழ்த்தும் வேட்டைக் கருவியாகவும் இருக்கும். பொருந்தாத தோட்டாவை இட்டால் சுடுபவரின் கையிலேயே சிதறவும் கூடும். எனவே துப்பாக்கி எதைத் தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும், சுடுபவரின் கை எதைத் தாங்கும் என்று அடுத்துப் பார்க்க வேண்டும், இலக்குக்கு எது தேவை என்பதை அதன் பிறகுதான் கேட்க வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, பெட்டியில் அச்சிட்ட வேகத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பேரலை விட்டுப் பறந்து செல்வது குண்டு மட்டுமே. குண்டின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்வது உலகெங்கும் வழக்கம். 100 கிரெயின் என்பது ஏறத்தாழ 6.5 கிராம்.

உரிமம், வைத்திருக்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கை, குண்டின் வகை ஆகியவற்றைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹாலோ பாயிண்ட் குண்டுகளுக்கு, அதாவது முனையில் குழி இருப்பதால் பட்டதும் விரியும் குண்டுகளுக்கு, தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அதற்கு நேர்மாறாக, மான் வேட்டைக்கு விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்துள்ள இடங்களும் உண்டு. கீழே சொல்லும் எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

முதல் படி: பேரலில் பொறித்திருப்பதைப் படித்தல்

ரிவால்வரின் பேரலிலோ உடற்சட்டத்திலோ (ஃபிரேம்) எந்தத் தோட்டாவுக்காக அது செய்யப்பட்டது என்று பொறித்திருப்பார்கள். அந்தப் பொறிப்பை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் தோட்டாக்களின் பெயர்களில் உள்ள எண்கள் ஏமாற்றக்கூடியவை. .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு உண்மையில் 0.357 அங்குல விட்டம் கொண்டது; .44 மேக்னத்தின் (மேக்னம் என்பது அழுத்தம் மிகுந்த வகை) குண்டு 0.429 அங்குலம். இந்த எண்கள் பழைய காலத்துப் பெயரிடும் வழக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை.

குண்டின் விட்டம் ஒன்றாக இருப்பதால்தான் சில ரிவால்வர்கள் இரண்டு வகைத் தோட்டாக்களை ஏற்கின்றன. 1935-இல் .357 மேக்னம் வந்தபோது அதன் கூட்டை .38 ஸ்பெஷலைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். அழுத்தம் மிகுந்த புதிய தோட்டா பழைய .38 ரிவால்வரின் சிலிண்டரில் (சுழலும் உருளையில்) தோட்டா அமரும் அறைக்குள் முழுதாக இறங்கிவிடக் கூடாது என்பதே அதன் காரணம். ஆகவே .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம், .38 ரிவால்வரில் .357-ஐ ஒருபோதும் இடக் கூடாது. 1907-இல் வந்த .44 ஸ்பெஷலுக்கும் 1955-இல் வந்த .44 மேக்னத்துக்கும், .45 கோல்ட்டுக்கும் .454 கசூலுக்கும் இதே உறவுதான்: குட்டையான தாய்த் தோட்டா நீளமான அறையில் செல்லும், நீளமானது குட்டையான அறையில் செல்லாது. குட்டைத் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் அறையின் உள்ளே கரி வளையம் படியும். அதைத் துலக்காமல் விட்டால் பிறகு மேக்னம் தோட்டா சரியாக இறங்காது, சுட்ட கூடும் எளிதில் வெளியே வராது.

பெயர்க் குழப்பத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். இது .38 ஸ்பெஷலின் மறுபெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. 1877-இல் வந்த இந்தப் பழைய தோட்டாவின் கூடு குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும், குண்டும் சற்றுப் பெரியது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

அடுத்து அழுத்தம். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1926-இல் ஏற்படுத்திய தர நிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. ஒவ்வொரு தோட்டாவுக்கும் உச்ச அழுத்தத்தை வரையறுத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு .38 ஸ்பெஷலுக்கு 17,000 பவுண்டு, கூடுதல் அழுத்தத்தில் நிரப்பிய அதன் பிளஸ் பி வகைக்கு 20,000 பவுண்டு, .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பி தோட்டாவும் சாதாரண .38-உம் வெளித்தோற்றத்தில் ஒன்றே, எந்த அறையிலும் தங்குதடையின்றி இறங்கிவிடும். அதனால் கூட்டின் அடிப்பொறிப்பையும் துப்பாக்கியின் கையேட்டையும் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். பிளஸ் பி-க்கு அனுமதி இல்லாத பழைய ரிவால்வரில் அதைச் சுடாதீர்கள்.

.45 கோல்ட்டின் கதை இன்னும் கடினமானது. 1873-இல், கரும்பொடி என்ற பழைய வெடிமருந்தின் காலத்தில் வந்த இத்தோட்டாவின் வரையறுத்த அழுத்தம் 14,000 பவுண்டு மட்டுமே. ஆனால் நவீனக் கனரக ரிவால்வர்களுக்காக அதைவிட மிகவும் வலுவாக நிரப்பிய .45 கோல்ட் தோட்டாக்களும் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் எந்த மாதிரிகளில் மட்டும் சுடலாம் என்ற எச்சரிக்கை இருக்கும். அதைப் படிக்காமல் பழைய ரிவால்வரில் இடுவது சிலிண்டர் வெடிக்க வழிவகுக்கும்.

இரண்டாம் படி: கையின் அளவை அறிதல்

அரை கிலோவுக்கும் குறைவான எடையுள்ள சட்டைப்பை ரிவால்வரில் .357 மேக்னம் சுட முடியும். முடியும் என்பதற்காகச் சுட வேண்டியதில்லை. பின்னுதைப்பு கையைத் தூக்கி எறியும்போது இரண்டாவது சுடலுக்கு இலக்கை மீண்டும் பிடிக்க நேரமாகிறது. பத்துப் பதினைந்து தோட்டாக்களுக்குப் பிறகு, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக் கையை இறுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. என் உறுதியான கருத்து: ஐந்து தோட்டாக்களையும் 7 மீட்டரில் ஒரு கையகலத்துக்குள், தடுமாற்றமின்றி, அடுத்தடுத்து வைக்க முடியாத தோட்டா உங்களுக்கானது அல்ல, அதன் பெட்டியில் எவ்வளவு பெரிய எண் அச்சிட்டிருந்தாலும் சரி.

எடை குறைந்த துப்பாக்கிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னுதைப்பின் வேகத்தில் ரிவால்வர் சட்டென்று பின்னோக்கிப் போகும்போது, மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகள் அதனுடன் பின்னால் இழுபடுகின்றன. கனமான குண்டோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடித்திருக்காவிட்டால், குண்டு முன்னோக்கி நழுவி சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொள்ளும், சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். இதைச் சோதிப்பது எளிது. ஒரு தோட்டாவின் நீளத்தைக் காலிப்பர் கருவியால் அளந்து, அடையாளம் இட்டு, கடைசி அறையில் வையுங்கள். மற்ற தோட்டாக்களைச் சுட்டுவிட்டு அதை வெளியே எடுத்து மறுபடி அளவிடுங்கள். நீளம் கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. சில இலகு ரிவால்வர்களின் பேரலில் 120 கிரெயினுக்குக் குறைந்த மேக்னம் குண்டுகளைச் சுட வேண்டாம் என்றும் பொறித்திருக்கும், அதற்குக் கீழ்ப்படியுங்கள்.

மூன்றாம் படி: தற்காப்புக்கான தோட்டா

உயிருக்கு நேரும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலையில், தாக்குதலை நிறுத்துவதே தற்காப்புச் சுடலின் ஒரே நோக்கம். கைத்துப்பாக்கிக் குண்டு தான் தொட்டுச் செல்லும் பாதையில் மட்டுமே பெரும்பாலும் வேலை செய்கிறது. துரிதமான ரைஃபிள் குண்டைப் போலச் சுற்றியுள்ள பகுதியையும் அது குலைப்பதில்லை. எனவே எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் செல்கிறது என்ற இரண்டும் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமாகின்றன.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியது 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் கொள்ளையர்களுடன் நடந்த துப்பாக்கிச் சண்டை. அதில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முகவர்கள் இருவர் இறந்தனர், மேலும் ஐவர் காயமடைந்தனர். கொள்ளையர்களில் ஒருவனின் மேற்கையைத் துளைத்து மார்புக்குள் சென்ற ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் தொடர்ந்து சண்டையிட்டான். அதைத் தொடர்ந்து எஃப்.பி.ஐ. வகுத்த சோதனை முறையே இன்றும் அளவுகோலாக இருக்கிறது. உடல் தசைக்கு ஈடாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலமும் கூடியது 18 அங்குலமும், அதாவது சுமார் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை, ஊடுருவ வேண்டும். கை போன்ற தடை குறுக்கே வந்தாலும் எட்ட வேண்டும் என்பதால்தான் கீழ் எல்லை இவ்வளவு அதிகம். கட்டியின் முன்னால் தடித்த துணி அடுக்குகளை வைத்தும் சோதிப்பார்கள். ஹாலோ பாயிண்ட் குண்டின் முனைக்குழியில் துணி அடைத்துக்கொண்டால் அது விரியாமல் சாதாரண குண்டைப் போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். இது மெதுவாகச் செல்லும் குண்டுகளில் அடிக்கடி நேர்வது.

இங்கேதான் 2 அங்குல பேரல் கொண்ட ரிவால்வர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டும். பெட்டியில் அச்சிடும் வேகம் பெரும்பாலும் 4 அங்குல அல்லது அதைவிட நீண்ட பேரலில் அளந்தது. குட்டைப் பேரலிலிருந்து அதே குண்டு கணிசமாக மெதுவாகப் புறப்படுகிறது, விரியத் தேவையான வேகத்தை எட்டாமலே போகலாம். இதற்கு மூன்று நல்ல விடைகள் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

முதலாவது, குட்டைப் பேரலுக்கென்றே வடிவமைத்த குண்டு. ஸ்பியர் நிறுவனத்தின் 135 கிரெயின் கோல்ட் டாட் பிளஸ் பி இவ்வகையில் பெயர் பெற்றது. குறைந்த வேகத்திலும் விரியும்படி அதன் முனைக்குழி அகலமாக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, 158 கிரெயின் எடையில் உறையில்லாத மென்ஈயத்தால் ஆன செமி வாட்கட்டர் (குறுகிச் சென்று தட்டையாக முடியும் முனை கொண்ட) ஹாலோ பாயிண்ட் பிளஸ் பி. எஃப்.பி.ஐ.யும் அமெரிக்கக் காவல் துறைகள் பலவும் பல ஆண்டுகள் சுமந்த தோட்டா இது. செம்பு உறை இல்லாததால் ஈயம் எளிதில் விரிகிறது, எடை மிகுதியால் ஆழமும் கிடைக்கிறது.

மூன்றாவது விடையைப் பலரும் ஏளனமாகப் பார்ப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 148 கிரெயின் வாட்கட்டர் என்பது இலக்குச் சுடும் போட்டிகளுக்காகப் பிறந்த, முனை முழுதும் தட்டையான ஈயக் குண்டு. நொடிக்கு 700 அடி அளவில் மெதுவாகச் செல்லும் அது விரிவதில்லை. ஆனால் விளிம்பு கூர்மையாக இருப்பதால் தன் முழு விட்டத்துக்கும் வெட்டிக்கொண்டு நேராகச் செல்கிறது, ஆழமும் போதிய அளவு கிடைக்கிறது, பின்னுதைப்போ மிகக் குறைவு. பெரும்பாலான தானியங்கித் துப்பாக்கிகளில் இந்த வடிவம் ஊட்டப்படாது. ரிவால்வருக்கு அந்தக் கவலையே இல்லை. வயதானவர்களுக்கும், மூட்டு வலி உள்ளவர்களுக்கும், எடை குறைந்த துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். தட்டை முனை அறைக்குள் சட்டென்று வழுக்கி இறங்காது என்பது இதன் குறை. அதனால் மறுநிரப்பலுக்கு வட்டமுனைத் தோட்டாக்களைத் தனியாக வைத்துக்கொள்வோரும் உண்டு.

.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் வைத்திருப்போருக்கும் இதே தர்க்கம் பொருந்தும். 98 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 700 அடி வேகத்தில் 150 ஜூல் ஆற்றலையே சுமக்கிறது. இவ்வளவு குறைந்த ஆற்றலை விரிவதற்கும் ஊடுருவுவதற்கும் பங்கிட்டால் இரண்டுமே போதாமல் போகும். விரியும் குண்டைத் தேடாமல் தட்டைமுனைக் குண்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

.357 மேக்னத்தில் 125 கிரெயின் ஹாலோ பாயிண்ட் ஒரு காலத்தில் காவல் துறைகளின் விருப்பத் தோட்டா. 4 அங்குல பேரலில் அது நொடிக்கு 1,450 அடி வரை எட்டும் என்று பெட்டியில் குறிப்பார்கள். அதன் திறனை மறுப்பதற்கில்லை. ஆனால் மூடிய அறைக்குள் அதன் ஓசை செவியை நிலையாகப் பாதிக்கக்கூடியது, இருட்டில் அதன் தீச்சுடர் கண்ணைக் கூசவைக்கும். இலேசான குண்டும் மிகுந்த வெடிமருந்தும் சேர்ந்து பேரலின் பின்வாயை அரிப்பதும், நடுத்தரச் சட்டம் கொண்ட சில பழைய .357 ரிவால்வர்களில் அங்கே விரிசல் விட்டதும் நன்கு அறிந்த செய்திகள். எஃகு ரிவால்வரில்கூட, வீட்டுக்குள் வைத்திருக்க .38 பிளஸ் பி-யே எனக்கு ஏற்புடையது.

எந்தத் தோட்டாவானாலும், 30 சென்டிமீட்டர் ஜெலட்டினைத் துளைக்கும் குண்டு வீட்டின் உட்சுவர்ப் பலகையையும் துளைக்கும். அப்பால் யார் உறங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து, எந்தத் திசையில் சுடவே கூடாது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: வேட்டைக்கான தோட்டா

வேட்டையில் கணக்கு மாறுகிறது. விலங்கை வேதனையில் அலையவிடாமல் ஒரே சுடலில் வீழ்த்துவது வேட்டைக்காரரின் கடமை. அதற்குக் குண்டு தோள் எலும்பையும் தடித்த தசையையும் கடந்து உள்ளுறுப்புகளை எட்ட வேண்டும், முடிந்தால் மறுபக்கம் வெளியேறி இரத்தத் தடம் விட வேண்டும். தற்காப்புக்காக வடிவமைத்த ஹாலோ பாயிண்ட் சீக்கிரமே விரிந்து பாதியில் நின்றுவிடும். ஒரே பெட்டித் தோட்டா இரண்டு வேலைக்கும் போதும் என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஆற்றல் வேறுபாட்டை எண்களில் பார்த்தால் விளங்கும். 158 கிரெயின் .38 ஸ்பெஷல் நொடிக்கு 755 அடியில் ஏறத்தாழ 270 ஜூல் தருகிறது, அதே எடை .357 மேக்னத்தில் 1,235 அடியில் 725 ஜூல், 240 கிரெயின் .44 மேக்னம் 1,350 அடியில் 1,300 ஜூலுக்கும் மேல். .38 ஸ்பெஷல் மான் வேட்டைக்கு ஆகாது. .357-இல் 158 முதல் 180 கிரெயின் வரையான சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் வெளித்தெரியும் உறைக் குண்டு) அல்லது கடின ஈயக் குண்டை, 6 அங்குல அல்லது அதைவிட நீண்ட பேரலில், நடுத்தர மானுக்கு 50 மீட்டருக்குள் பயன்படுத்தலாம். .44 மேக்னத்தின் 240 கிரெயின் குண்டு மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வசதியானது. தேர்ந்த கைக்கு 75 மீட்டர், சிறந்த கைக்கு 100 மீட்டர். கரடி போன்ற பெரிய விலங்குகள் உள்ள காட்டில் 300 கிரெயின் கடின ஈயக் குண்டை நாடுவார்கள்.

கடின ஈயக் குண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிவால்வர் வேட்டையின் உயிர்நாடி அதுதான். ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பதால் அது விரியாது, உடையாது. அதன் பலன் முனையின் தட்டைப் பரப்பிலிருந்து வருகிறது. வட்டமுனைக் குண்டு தசையை விலக்கிக்கொண்டு நழுவிச் செல்லும். அகன்ற தட்டைமுனை வழியெல்லாம் வெட்டி நசுக்கிக்கொண்டு, நேர்கோடு பிசகாமல் செல்லும். அமெரிக்க வேட்டை எழுத்தாளர் எல்மர் கீத் செமி வாட்கட்டர் வடிவத்தில் வலியுறுத்தியது இதையே. .44 மேக்னம் உருவானதும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனையும் ரெமிங்டனையும் அவர் விடாது நச்சரித்ததன் விளைவுதான். மானுக்கு விரியும் சாஃப்ட் பாயிண்டும் நன்றாகவே வேலை செய்யும். எலும்பும் கொழுப்பும் மிகுந்த பெரிய விலங்குக்கு நான் கடின ஈயத்தையே நம்புவேன்.

ஈயமில்லாத முழுச்செம்புக் குண்டுகளையும் இப்போது கருத வேண்டியிருக்கிறது. வேட்டையாடிய உடலின் எச்சத்தை உண்ணும் பிணந்தின்னிப் பறவைகள் ஈயத் துணுக்குகளால் நஞ்சேறி இறப்பதால், கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. விரியும் ஈயக் குண்டின் நுண்துணுக்குகள் இறைச்சியிலும் தங்கக்கூடும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகும், கூட்டில் வெடிமருந்துக்கான இடம் குறையும். அதனால் வழக்கத்தைவிட எடை குறைந்த குண்டைத் தேர்ந்தெடுத்து, அது விரியத் தேவையான குறைந்தபட்ச வேகம் எத்தனை மீட்டர் வரை நீடிக்கும் என்று உற்பத்தியாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வேட்டைத் தூரத்தைத் தீர்மானிப்பது தோட்டாவைவிட உங்கள் கைதான். 15 சென்டிமீட்டர் வட்டத்தில், காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அதே நிலையில் அமர்ந்தோ மண்டியிட்டோ, எத்தனை மீட்டர் வரை ஐந்துக்கு ஐந்தும் விழுகிறதோ அதுவே உங்கள் எல்லை. மரத்திலோ மூட்டையிலோ கையைத் தாங்கிச் சுடும்போது விரல்கள் சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலான இடைவெளிக்கு அருகில் போகக் கூடாது. அங்கிருந்து பக்கவாட்டில் சீறும் வாயு தோலைக் கிழித்துவிடும், பெரிய மேக்னங்களில் விரலையே சிதைத்துவிடும்.

ஐந்தாம் படி: உங்கள் துப்பாக்கியில் சோதித்தல்

தேர்ந்தெடுத்த தோட்டாவில் குறைந்தது 50-ஐயாவது உங்கள் ரிவால்வரில், எல்லா அறைகளிலும், சுட்டுப் பாருங்கள். எடை மாறினால் படும் இடமும் மாறும். கனமான, மெதுவான குண்டு பேரலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால், அதற்குள் பேரல் மேலெழும்பிவிடுகிறது. ஆகவே அண்மைத் தூரத்தில் அது இலேசான குண்டைவிட உயரத்தில் படும். குறிமுள் நிலையாகப் பதித்த .38 ரிவால்வர்களில் பெரும்பாலானவை 158 கிரெயினுக்கு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டவை. 110 கிரெயினைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வதில் பொருளில்லை. தற்காப்புத் தோட்டாவின் விலை கூடுதல் என்பதால், அன்றாடப் பயிற்சிக்கு அதே எடையும் ஏறத்தாழ அதே வேகமும் கொண்ட மலிவான தோட்டாவை வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குக் கவசமும், மேக்னமானால் செவிக்கு இரட்டைப் பாதுகாப்பும் தவறக் கூடாது.

சுடும்போது ஓசை வழக்கத்துக்கு மாறாக மெலிந்து, உதைப்பும் குறைந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த குண்டு அதன் மேல் மோதினால் பேரல் பிளந்துவிடும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், பயிற்சிக் களத்தில், முனையைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி 30 நொடி காத்திருந்து பிறகே சிலிண்டரைத் திறக்க வேண்டும்.

தற்காப்புக்கென ஒதுக்கும் ஒவ்வொரு தோட்டாவையும் கையில் எடுத்துப் பாருங்கள். பிரைமர் கூட்டின் அடிமட்டத்தைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டர் உரசி நிற்கும். விளிம்பு நெளிந்தது, குண்டு உள்ளே அமுங்கியது, கூட்டில் கீறல் விட்டது ஆகியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். துப்பாக்கிக்கு எண்ணெயிட்டால் அறைகளை உலரத் துடைத்த பிறகே நிரப்ப வேண்டும், ஏனென்றால் ஊடுருவும் எண்ணெய் பிரைமரைக் கெடுக்கும். மீதியை வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில், பூட்டி, குழந்தைகளுக்கு எட்டாதபடி, உற்பத்தியாளரின் பெட்டியிலேயே வையுங்கள். பெட்டியின் மேலுள்ள தொகுதி எண்ணை ஒரு நோட்டில் குறித்து, எந்த நாளில் எத்தனை சுட்டீர்கள், எங்கே பட்டது என்றும் எழுதிவாருங்கள். அடுத்த முறை வாங்கும் பெட்டியில் தொகுதி எண் மாறியிருந்தால், பெயரும் எடையும் அதேதான் என்றாலும், ஒரு சிலிண்டர் அளவு தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, நோட்டில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே அதை நிரப்புங்கள்.